பூவும் எலுமிச்சையும் சேர்ந்தா ஜில் சர்பத்... ஆனா மாலைக்கு வாங்குற பூவைத் தொடாதீங்க!

தென்காசி:

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலை 10 மணிக்கே ரோட்டில் தலை காட்ட முடியவில்லை. மே 4-ந்தேதி வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தை நினைத்தாலே தொண்டை வறண்டு போகிறது. குற்றாலத்தில் சாரல் எட்டிப் பார்க்க ஜூன் மாதம் வரை பொறுக்க வேண்டும்.

அதுவரை நம்ம மாவட்ட மக்களுக்குக் கை கொடுப்பது சர்பத் கடைதான். பாதி எலுமிச்சையைப் பிழிந்து, நன்னாரி பாகை ஊற்றி, ஊறவைத்த சப்ஜா விதையைப் போட்டு, ஐஸ் தண்ணீர் விட்டு, ரெண்டு ஆத்து ஆத்திக் கொடுத்தால் உச்சந்தலை வரை குளிரும்.

இப்போது அந்த நன்னாரிக்குப் போட்டியாக பூ சர்பத் கிளம்பி இருக்கிறது. செல்போனைத் திறந்தால் நீலக் கலர் தண்ணீரில் எலுமிச்சை பிழிகிறார்கள், அது பட்டென்று ஊதாவாக மாறுகிறது. பார்க்கும் பிள்ளைகள் சும்மா இருக்குமா? "எனக்கும் வேணும்" என்று அடம் பிடிக்கின்றன. வேலியோரம் பூத்த பூவெல்லாம் டம்ளருக்குள் போகிறது.

இதில் நல்லதும் இருக்கிறது, வில்லங்கமும் இருக்கிறது. எந்தப் பூவைக் குடிக்கலாம், எப்படிப் போடணும், எதைத் தொடவே கூடாது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

வீட்டில் நடந்த கூத்து

முதலில் நம்ம சொந்த அனுபவம். சென்ற கோடை விடுமுறையில் சித்தி மகள் ஒரு கூடை நிறைய பூ பறித்துக்கொண்டு வந்தாள். 'கலர் ஜூஸ்' போடப் போகிறாளாம். கூடைக்குள் செம்பருத்தி இருந்தது, சங்குப்பூ இருந்தது. அடியில் ரோஸ் கலரில் இன்னொரு பூவும் கொத்தாகக் கிடந்தது.

அடுப்பில் தண்ணீர் கொதித்துக் கொண்டிருந்தது. திண்ணையில் இருந்த ஆச்சிதான் கூடையைக் கிளறிப் பார்த்து சத்தம் போட்டாள். "ஏட்டி, இத எங்க பறிச்ச? இது அரளில்லா!"

அப்புறம் கூடையோடு குப்பைக்குப் போனது. ஆச்சி அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்பவும் வயிறு கலங்குகிறது. ஆகவே சர்பத் செய்முறைக்குப் போகும் முன்பு விஷப்பூக்களைப் பார்த்து விடுவோம்.

இந்தப் பூக்களைத் தொடாதீங்க

அரளி: செவ்வரளி, வெள்ளரளி, ரோஸ் அரளி எல்லாமே விஷம்தான். இதில் உள்ள விஷம் நேராக இதயத் துடிப்பைத் தாக்கக்கூடியது. கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்பது தவறு. கொதித்த தண்ணீரிலும் அது இறங்கி நிற்கும்.

மஞ்சள் அரளி: புனல் மாதிரி மஞ்சள் பூ பூக்கும். இதன் பூ, இலை, பால் என எல்லாமே ஆபத்து. கொட்டையோ கொடிய விஷம்.

ஊமத்தை: வெள்ளையாக, நீளமாக இருக்கும். குடித்தால் புத்தி தடுமாறும், உயிருக்கும் ஆபத்து.

செங்காந்தள்: நம்ம மாநிலப் பூ. அழகுக்குக் குறைவில்லை. கிழங்கு முதல் விதை வரை முழுச்செடியும் விஷம்.

எருக்கம்பூ: பிள்ளையாருக்கு மாலையாகப் போடலாம். டம்ளரில் போடக்கூடாது.

நம்ம மாவட்டத்தை ஒட்டியுள்ள கேரளாவில் அரளி இலை, பூவை மென்றதால் இறந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு இளம்பெண்ணின் மரணம் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அதைத் தொடர்ந்து 2024-ம் ஆண்டு மே மாதம் திருவாங்கூர் தேவஸ்வம் போர்டு தனது கோவில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. மலபார் தேவஸ்வம் போர்டும் அதே முடிவை எடுத்தது.

பூ மார்க்கெட் பூ ஏன் வேண்டாம்?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட் நம்ம மாவட்டத்தில் பெயர் பெற்றது. ரோஜாவும் மல்லிகையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். "அங்கே போய் ரெண்டு கிலோ ரோஜா வாங்கினால் சர்பத் போட்டு விடலாமே" என்று தோன்றும்.

அங்கேதான் சிக்கல். அந்தப் பூ தலையில் வைக்கவும், சாமிக்குச் சாத்தவும் விளைவிக்கப்பட்டது. மல்லிகையில் மொட்டுப்புழு, ரோஜாவில் இலைப்பேன் என்று பூச்சித் தொல்லை அதிகம். அதற்காக மருந்து அடிக்கிறார்கள். கத்தரிக்காய், வெண்டைக்காய்க்கு மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. சாப்பிடாத பூவுக்கு அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

இது விவசாயிகள் மீதான குறை அல்ல. அவர்கள் மாலைக்கு விற்கிறார்கள், நாம்தான் அதை டம்ளரில் போடப் பார்க்கிறோம். பொக்கே கடை ரோஜாவுக்கும் இதே கதைதான். தண்ணீரில் நாலு தடவை அலசினாலும் இதழுக்குள் இறங்கிய மருந்து போகாது.

ஆகவே சர்பத்துக்கு வீட்டில் மருந்து அடிக்காமல் வளர்த்த செடியின் பூ மட்டுமே வேண்டும். ஒரு தொட்டி செம்பருத்தி, வேலியில் ஒரு சங்குப்பூ கொடி இருந்தாலே ஒரு குடும்பத்துக்குப் போதும். ரோட்டோரம் புகை படிந்த பூவும், நாய் நடமாடும் புதரில் பறித்த பூவும் வேண்டாம்.

புளியங்குடி எலுமிச்சை இருக்க கவலை ஏன்?

பூ பாதி என்றால் எலுமிச்சை மறுபாதி. எலுமிச்சைக்கு நாம் வெளியூர் போக வேண்டியது இல்லை. 'எலுமிச்சை நகரம்' என்று பெயர் வாங்கிய புளியங்குடி நம்ம மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கேரளாவுக்கும் லோடு போகிறது.

கோடை வந்தால் எலுமிச்சை விலை ஏறும். 2022-ம் ஆண்டு ஏப்ரலில் நாடு முழுவதும் விலை எகிறி, பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். அதனால் வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். தோல் மெல்லியதாக, வழவழவென்று, கைக்குக் கனமாக இருந்தால் சாறு நிறைய இருக்கும். தோல் தடித்து சொரசொரவென இருந்தால் சாறு கம்மி. பிழிவதற்கு முன்பு உள்ளங்கையால் தரையில் வைத்து அழுத்தி உருட்டினால் கடைசிச் சொட்டு வரை வரும்.

எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போது பிழியக்கூடாது. கசந்து போகும், வைட்டமின்-சி சத்தும் குறையும். ஆறிய பிறகுதான் பிழிய வேண்டும். விதை விழாமல் பார்த்துக் கொள்ளவும். பித்தளை, செம்பு, அலுமினிய பாத்திரம் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோகம் கரைந்து இறங்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி நல்லது.

இனி பூ சர்பத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. செம்பருத்தி சர்பத்

தேவை: ஒற்றை அடுக்கு சிவப்பு செம்பருத்தி 10 முதல் 12 பூ, தண்ணீர் 3 டம்ளர், எலுமிச்சை 2, சர்க்கரை 4 ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

பூவின் காம்பு, பச்சை மூடி, நடுவில் நீட்டிக்கொண்டு இருக்கும் மகரந்தத் தண்டு மூன்றையும் கிள்ளி எறியுங்கள். இதழ் மட்டும் போதும். எறும்பு இருக்கும், நன்றாக உதறிக் கழுவவும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் இதழைப் போட வேண்டும். மூடி வைத்து 10 நிமிடம் கழித்துப் பார்த்தால் இதழ் வெளுத்து, தண்ணீர் மங்கலான ஊதாவாக இருக்கும். வடிகட்டி, சர்க்கரை, உப்பு சேர்த்து ஆற விடவும். கடைசியில் எலுமிச்சையைப் பிழிந்தால் அழுக்கு ஊதா போய் பளபளவென்று ரத்தச் சிவப்பாக மாறும்.

நாம் முதல் தடவை போட்டபோது பூவைத் தண்ணீரோடு சேர்த்து 10 நிமிடம் கொதிக்க விட்டோம். தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிட்டது. "வெண்டைக்காய் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்று அம்மா ஒரே வாயில் கீழே வைத்து விட்டார். செம்பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம், அதனால்தான் இந்த வழவழப்பு. ஆகவே கொதிக்க விடாதீர்கள், ஊற மட்டும் விடுங்கள்.

எகிப்திலும் சூடானிலும் 'கர்கடே' என்று ஒரு சிவப்பு பானம் உண்டு. அதுவும் செம்பருத்தி இனம்தான். ஆனால் அது நம்ம புளிச்சகீரை வகைச் செடியின் சதைப்பற்றான சிவப்பு மூடியில் போடுவது. அதற்குப் புளிப்பு இயற்கையிலேயே உண்டு. நம்ம வீட்டு செம்பருத்திக்குப் புளிப்பு இல்லை, எலுமிச்சை இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும்.

2. சங்குப்பூ சர்பத்

பிள்ளைகள் கேட்கும் 'கலர் மாறும் ஜூஸ்' இதுதான். ஒரு டம்ளருக்கு 5 அல்லது 6 நீல சங்குப்பூ. அடியில் உள்ள பச்சைக் காம்பை எடுத்துவிட்டு, சுடுதண்ணீரில் 5 நிமிடம் போட்டால் போதும். தண்ணீர் மை மாதிரி நீலமாகும்.

வடிகட்டி, தேன் அல்லது சர்க்கரை சேர்த்து, ஐஸ் போட்டு, பிள்ளைகள் கையிலேயே எலுமிச்சையைக் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். முதல் சொட்டில் ஊதா. இன்னும் பிழிந்தால் ரோஸ். வீடே கைதட்டும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் புளிப்பு பட்டால் சிவப்புப் பக்கமும், சோடா உப்பு பட்டால் நீலம், பச்சைப் பக்கமும் போகும். நாவல்பழம் தின்றால் நாக்கு நிறம் மாறுவதும் இதே குடும்பத்து நிறப்பொருளால்தான்.

தாய்லாந்தில் இந்தப் பூவில் போட்ட பானம் ரொம்ப பிரபலம். மலேசியாவின் கிளந்தான் பகுதியில் இதை வைத்துச் சோற்றையே நீலமாக வடிக்கிறார்கள். அமெரிக்காவிலும் 2021-ம் ஆண்டு சங்குப்பூ சாற்றை உணவுக்கு நிறமூட்டியாகச் சேர்க்க அனுமதி கொடுத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. சங்குப்பூ கொடியின் விதையும் வேரும் பேதியைக் கிளப்பும். பூ மட்டுமே எடுக்க வேண்டும். பிஞ்சுக் காய் கலந்து விடக்கூடாது.

3. பன்னீர் ரோஜா சர்பத்

வாசனையான நாட்டு பன்னீர் ரோஜாதான் இதற்குச் சரி. வாசனை இல்லாத கலர் ரோஜாவில் போட்டால் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் கிடைக்கும்.

இரண்டு கைப்பிடி இதழை ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் மூடி வைத்து அரை மணி நேரம் ஊற விடவும். வடிகட்டிய தண்ணீரில் கால் கிலோ சர்க்கரை போட்டு கம்பிப் பதம் வருவதற்கு முன்பே இறக்கி, ஆறியதும் ஒரு எலுமிச்சையின் சாறு விட்டு பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வைக்கவும். ஒரு வாரத்துக்குள் தீர்த்து விட வேண்டும்.

குடிக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு பெரிய ஸ்பூன் பாகு போதும். கடை ரோஸ் மில்க் மாதிரி அடர்த்தியான கலர் வராது. லேசான ரோஸ்தான் வரும். அதுதான் அசல்.

4. ஆவாரம்பூ தண்ணீர்

தரிசு நிலத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரம்பூவை நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வருகிறார்கள். ஆவாரை பூத்த ஊரில் சாவு ஏது என்று பெரியவர்கள் கேட்பார்கள்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு நிழலில் காய வைத்த பூ ஒரு ஸ்பூன் அல்லது பச்சைப்பூ ஒரு சின்னக் கைப்பிடி. 3 நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டி, ஆறியதும் பனங்கற்கண்டும் அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் சேர்க்கவும். லேசான துவர்ப்போடு இருக்கும், பானையில் வைத்துக் குளிர வைத்தால் ருசி தனி.

5. வேப்பம்பூ பானகம்

சித்திரை மாதப் பிறப்புக்கு வேப்பம்பூ பச்சடி வைக்கும் வீடுகள் நிறைய. அதே பூவை பானகத்திலும் போடலாம். வெல்லம் ஒரு அச்சு, தண்ணீர் 4 டம்ளர், எலுமிச்சை 1, சுக்குத்தூள் அரை ஸ்பூன், ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி எல்லாவற்றையும் கலந்து, காய்ந்த வேப்பம்பூ ஒரு சிட்டிகையை வெறும் சட்டியில் வறுத்து நொறுக்கித் தூவவும். கசப்பு லேசாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எலுமிச்சை கிடைக்காத நாளில்...

நார்த்தங்காய் இருந்தால் அதைப் பிழியலாம். புளிப்போடு லேசான கசப்பும் இருக்கும், செம்பருத்திக்கு நன்றாகச் சேரும். சாத்துக்குடியில் இனிப்பு தூக்கல், புளிப்பு கம்மி. அதனால் சங்குப்பூவில் ஊற்றினால் கலர் அவ்வளவாக மாறாது. ரோஜாவோடு சாத்துக்குடி சேர்த்தால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம்.

கடை 'இயற்கை சர்பத்' அசலா? ஒரு சின்ன சோதனை

'இயற்கை செம்பருத்தி சர்பத்' என்று பாட்டிலில் ஒட்டி விற்பதை வாங்குகிறீர்களா? ரெண்டு ஸ்பூன் எடுத்து தண்ணீரில் கலந்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். பூவின் நிறமாக இருந்தால் சிவப்பு மறைந்து நீலமாகவோ, பச்சையாகவோ, கலங்கலாகவோ மாறும். அப்படியே சிவப்பாக நின்றால் அதில் பூவை விட கலர் பொடிதான் அதிகம் என்று சந்தேகிக்கலாம். சோதித்த தண்ணீரைக் கொட்டி விடவும்.

கலர் விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது. துணிக்குச் சாயம் ஏற்றும் ரோடமின்-பி அதில் கலந்திருந்ததுதான் காரணம். சர்பத் கடையில் அளவுக்கு மீறி மின்னும் ரோஸ் கலரைப் பார்த்தால் விலகிப் போவது நல்லது.

ஐஸ் விஷயத்திலும் உஷார். மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் கட்டி குடிக்க ஏற்றது அல்ல. வீட்டில் கொதித்து ஆறிய தண்ணீரில் ஐஸ் வைத்துக் கொள்வதே பாதுகாப்பு.

சுகர்காரர்கள் கவனத்துக்கு...

"சர்க்கரைக்குப் பதில் பனங்கற்கண்டு போட்டால் சுகர் ஏறாது" என்று பலர் நம்புகிறார்கள். தவறு. வெல்லம், கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சுகர் உள்ளவர்கள் உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீரில் பூவை ஊற வைத்துக் குடிக்கலாம். ஆவாரம்பூ குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்தான விளையாட்டு.

மற்றவர்களுக்கும் அளவு உண்டு. உணவில் சேர்க்கும் சர்க்கரையை நாள் ஒன்றுக்கு 25 கிராம், அதாவது சுமார் 6 டீஸ்பூனுக்குள் வைத்துக் கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காபி, டீயிலேயே பாதி போய்விடும்.

கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் செம்பருத்தி பானத்தை டாக்டரிடம் கேட்ட பிறகே குடிக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக்கூடாது. எந்தப் பூவாக இருந்தாலும் முதல் நாள் ரெண்டு மடக்கு குடித்துப் பாருங்கள். வாய் அரிப்பு, தடிப்பு வந்தால் அதோடு விட்டு விடுங்கள்.

சர்பத் மருந்து ஆகாது

வெயிலில் வேலை பார்த்து வாந்தி, பேதி, தலைசுற்றல் என்று வந்தவருக்கு பூ சர்பத் கொடுத்துக் கொண்டிருக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கலந்து கொடுக்க வேண்டும். கைவசம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொடுக்கலாம்.

உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெயில் தாக்கம். வாயில் எதையும் ஊற்றாமல் நிழலுக்குக் கொண்டு போய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறி விட்டுக்கொண்டே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தெரியாமல் அரளி மாதிரி விஷப்பூவைக் குடித்து விட்டாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். மீதமுள்ள பூவையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை. பேர் தெரிந்த பூ, சொந்தத் தொட்டியில் பூத்த பூ, புளியங்குடி எலுமிச்சை ஒன்று. இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும்.

சித்தி மகள் இந்த வருடமும் விடுமுறைக்கு வருகிறாள். மாடியில் அவளுக்காக ஒரு சங்குப்பூ தொட்டி வைத்தாயிற்று. பூ பறித்ததும் முதலில் ஆச்சியிடம் காட்ட வேண்டும், அப்புறம்தான் அடுப்புக்குப் போக வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்து விட்டோம். உங்கள் வீட்டிலும் இதே சட்டத்தைப் போட்டு விடுங்கள்!